காலிங் பெல்லில் மூன்று அப்பாக்கள்: ஜெர்மனியில் ஒரு திருநெல்வேலிக் குடும்பம்

ஜெர்மனியில் பெரும்பாலான அடுக்குமாடி வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. தெருப் பெயர், கட்டட எண், அஞ்சல் குறியீடு, ஊர். முகவரி அவ்வளவுதான். உள்ளே எட்டுக் குடும்பம் இருந்தாலும் பத்துக் குடும்பம் இருந்தாலும், யார் எந்த வீடு என்று சொல்வது வாசலில் இருக்கும் காலிங் பெல் பலகையும், வரிசையாக மாட்டியிருக்கும் தபால் பெட்டிகளும்தான். அவற்றில் உங்கள் குடும்பப் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் வருவது பேங்க் கார்டோ, அரசாங்கக் கடிதமோ, தபால்காரர் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்.

இங்கேதான் நமக்குச் சிக்கல். குடும்பப் பெயர் என்ற ஒன்றே நம்மில் பலருக்கு இல்லையே! இனிஷியலை வைத்துக்கொண்டு பிறப்புச் சான்றிதழிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை ஓட்டிவிடுகிறோம். பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் அந்த ஒற்றை எழுத்து விரிந்து, அப்பாவின் முழுப் பெயராகிக் கடைசியில் போய் நிற்கிறது.

என் அக்கா குடும்பம் இருப்பது டோர்ட்மண்ட் நகரில். அத்தானின் பெயருக்குப் பின்னால் இருப்பது அவர் அப்பாவின் பெயர். அக்கா கல்யாணத்துக்குப் பிறகும் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றவில்லை. அதனால் அவள் பெயருக்குப் பின்னால் எங்கள் அப்பா. ஆறு வயதுப் பாப்பாவின் பெயருக்குப் பின்னால் அத்தான். ஆக, இருப்பது மூன்று பேர், குடும்பப் பெயரும் மூன்று. மற்ற வீடுகளின் காலிங் பெல்லில் ஒரு பெயர் இருந்தால், இவர்கள் பெல்லில் மட்டும் பொடி எழுத்தில் மூன்று. பார்க்கிறவர்கள், மூன்று நண்பர்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறார்கள் என்று நினைப்பார்களாம்.

எங்கள் அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். திருநெல்வேலி - நாகர்கோவில் ரூட்தான் அவர் உலகம். இறந்து ஆறு வருடமாகிறது. டோர்ட்மண்டில் டாக்டரிடம் போனால், அக்காவை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஃப்ரௌ’ என்று மரியாதை சேர்த்து அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

“மொத தடவ கூப்பிட்டப்போ நான் எந்திரிக்கவே இல்லட்டி. இங்க யாரு அப்பாவைத் தேடுதாங்கன்னு இருந்துட்டு” என்றாள் அக்கா.

போன நவம்பரில் மூன்று வாரம் அவர்களுடன் தங்கியிருந்தேன். அவர்கள் ஜெர்மனிக்குப் போய் அப்போது ஒன்றேகால் வருடம் ஆகியிருந்தது. ஏர்போர்ட்டில் கண்ணீருடன் வழியனுப்பிய கதையும், முதல் பனியைப் பார்த்துத் துள்ளிய வீடியோவும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்கெனவே வந்துவிட்டன. நான் பார்க்க விரும்பியது அதற்குப் பிறகு வரும் செவ்வாய்க்கிழமைகளையும் புதன்கிழமைகளையும்.

இரும்பு ஆலை இருந்த இடத்தில் ஏரி

டோர்ட்மண்ட் என்றதும் நம் பையன்களுக்கு ஃபுட்பால் ஞாபகம் வரும். மஞ்சள் கறுப்பு ஜெர்ஸி, 81 ஆயிரம் பேருக்கு மேல் கொள்ளும் ஸ்டேடியம். மேட்ச் நாளில் ட்ராமில் ஏறினால் பாட்டிகள்கூட மஞ்சள் மஃப்ளர் சுற்றியிருக்கிறார்கள். ஆனால், இந்த ஊரின் பழைய அடையாளம் நிலக்கரி, இரும்பு, பீர். ரூர் பகுதி என்று அழைக்கப்படும் இந்த வட்டாரம்தான் ஒரு காலத்தில் ஜெர்மனியின் உலைக்களம்.

அக்கா வீடு இருப்பது ஹோர்டே என்ற பகுதியில். பத்து நிமிடம் நடந்தால் ஒரு பெரிய ஏரி வருகிறது. பெயர், ஃபீனிக்ஸ் ஏரி. பாய்மரப் படகுகள், வாத்துகள், கரையில் காபிக் கடைகள். எத்தனையோ நூற்றாண்டுகளாக இருக்கும் ஏரி என்றுதான் நான் நினைத்தேன். அத்தான் சிரித்தார். “இங்க இரும்பு ஆலை இருந்துச்சும்மா. 2001-ல மூடுனாங்க. ஆலையைக் கழட்டி கப்பல்ல ஏத்தி சீனாவுக்குக் கொண்டுபோயிட்டாங்க. அந்தப் பள்ளத்துலதான் 2010-ல தண்ணி விட்டாங்க.”

ஆலையும் சுரங்கங்களும் வெளியூர் ஆட்களை நம்பியே ஓடியவை. 19-ம் நூற்றாண்டிலேயே கிழக்கிலிருந்து போலிஷ் மொழி பேசும் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக இங்கே வந்தார்கள். இன்றும் காலிங் பெல் பலகைகளில் ‘ஸ்கி’ என்று முடியும் பெயர்களைப் பார்க்கலாம். உலகப்போருக்குப் பிறகு ஆள் பற்றாக்குறை. 1955-ல் இத்தாலியோடும் 1961-ல் துருக்கியோடும் ஒப்பந்தம் போட்டு ஆட்களை வரவழைத்தது மேற்கு ஜெர்மனி. ‘விருந்தினர் தொழிலாளர்கள்’ என்று அவர்களுக்குப் பெயர் வைத்தார்கள். விருந்தினர் என்றால் திரும்பிப் போவார்கள் என்று கணக்கு. பலர் போகவில்லை. ரூர் பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018-ல் மூடப்பட்டது. பேரன் பேத்திகள் அங்கேயே இருக்கிறார்கள்.

அக்கா வீட்டு காலிங் பெல் பலகையை ஒருநாள் நின்று படித்தேன். இரண்டு ஜெர்மன் பெயர்கள், ஒரு போலிஷ் பெயர், இரண்டு துருக்கிப் பெயர்கள், ஒரு கிரேக்கப் பெயர். கடைசியில் எங்கள் மூன்று அப்பாக்கள். அந்த ஊரின் நூற்றைம்பது வருடக் கதையை அந்த ஒரு பலகையிலேயே படித்துவிடலாம்.

கிச்சன் இல்லாத வீடு

வாடகை வீடு கிடைத்த அன்று அக்கா அழுதிருக்கிறாள். சந்தோஷத்தில் இல்லை. சமையலறை என்று காட்டிய அறையில் ஒன்றுமே இல்லை. அடுப்பு இல்லை, அலமாரி இல்லை, பாத்திரம் கழுவும் தொட்டியும் இல்லை. சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய் முனையும் மின் இணைப்பும் மட்டும். அங்கே இது சாதாரணம். பலர் வீடு மாறும்போது சமையலறையையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். விளக்குகளும் அப்படித்தான். கூரையிலிருந்து ஒயர் மட்டும் தொங்கும்.

அட்வான்ஸ் தொகைக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. வெப்பமூட்டும் செலவு போன்றவை சேராத அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய அத்தானுக்கு அது நிம்மதி. ஆனால் மிச்சமான பணமெல்லாம் கிச்சனுக்கே போய்விட்டது. அது வந்து சேரும் வரை ஆறு வாரம் ஒரு மின்சார அடுப்பும் ஒரு குக்கரும்தான் சமையலறை. பாத்திரம் கழுவியது குளியலறையில்.

வீடு மாறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி அதுதான். அந்தத் தாள் இருந்தால்தான் மற்ற வேலைகள் நகரும். அதன்பின் கடிதங்கள் வர ஆரம்பிக்கும். வருமான வரிக்கான 11 இலக்க எண் ஒரு கடிதத்தில். பேங்க் கார்டு ஒரு கடிதத்தில், அதன் ரகசிய எண் வேறொரு கடிதத்தில். மருத்துவக் காப்பீட்டு அட்டை இன்னொன்றில். ரேடியோ, டிவிக்கு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லி ஒன்று. டிவியே இல்லை என்றாலும் கட்ட வேண்டும்.

அக்கா ஒரு தடித்த ஃபைல் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு கடிதமும் ஓட்டை போட்டு, தேதி வாரியாக அதில் ஏறுகிறது. “ஊர்ல நம்ம வீட்ல ரேஷன் கார்டு எங்க இருக்குன்னு அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். இங்க நான்தான் அம்மா” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமையும் கிரைண்டரும்

அக்கா ஊரிலிருந்து கொண்டுபோன பொருள்களில் மிகவும் கனமானது டேபிள் டாப் கிரைண்டர். மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட் என்பதால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். முதல் ஞாயிறு மதியம், நம் ஊர் வழக்கப்படி வாரத்துக்கான மாவை ஆட்டப்போட்டிருக்கிறாள். இருபதாவது நிமிடம் கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டுப் பாட்டி. எண்பது வயதுக்கு மேல் இருக்கும்.

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை அமைதி நாள். கடைகள் அடைப்பு. சில பேக்கரிகள் மட்டும் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். சுவரில் ட்ரில் போடக் கூடாது. காலிப் பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போடக்கூட அன்று தடை, உடையும் சத்தம் கேட்குமாம். தினமும் இரவு 10 முதல் காலை 6 வரையும் இதே அமைதி.

அக்காவுக்கு அப்போது தெரிந்த ஜெர்மன் பத்து வார்த்தை. பாட்டியை உள்ளே கூப்பிட்டு கிரைண்டரைக் காட்டியிருக்கிறாள். பாட்டி கல் சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் அக்கா நான்கு இட்லி கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்கு மறுநாள் தபால் பெட்டியில் கட்டடத்தின் விதிமுறைத் தாள் இருந்தது. அமைதி நேரங்களுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. ஓரத்தில், இட்லிக்கு நன்றி என்று ஒரு வரி.

இப்போது மாவு ஆட்டுவது சனிக்கிழமை காலையில். குளிர்காலத்தில் புளிக்காது என்பதால், மாவுப் பாத்திரத்தை அவனுக்குள் வைத்து உள்விளக்கை மட்டும் எரியவிடுகிறாள். அந்தச் சின்ன பல்பின் சூட்டில் மாவு பொங்கிவிடுகிறது.

கீழ் வீட்டுப் பாட்டிதான் அக்காவுக்கு அடுத்தடுத்த பாடங்களையும் நடத்தியவர். காகிதத்துக்கு நீலத் தொட்டி, பேக்கிங் கழிவுக்கு மஞ்சள், காய்கறித் தோலுக்குப் பழுப்பு, மீதிக்குச் சாம்பல் நிறம். எவ்வளவு குளிராக இருந்தாலும் தினமும் ஜன்னல்களை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றோட்டம் விட வேண்டும். ‘லூஃப்டன்’ என்று இதற்குத் தனி வார்த்தையே இருக்கிறது. செய்யாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். சாம்பாரும் ரசமும் கொதிக்கும் வீட்டில் நீராவி இன்னும் அதிகம் அல்லவா? சாம்பிராணி போடுவதற்கு முன்பும் லூஃப்டன் கட்டாயம். எல்லா வீட்டுக் கூரையிலும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. முதல் வெள்ளிக்கிழமை பூஜை அது அலறிய அலறலில்தான் முடிந்ததாம்!

பாப்பாவுக்குப் பிடித்த விதி, பாட்டில் திருப்பிக் கொடுப்பது. பிளாஸ்டிக் பாட்டில், டின் எதை வாங்கினாலும் விலையோடு 25 சென்ட் கூடுதலாகக் கட்ட வேண்டும். காலிப் பாட்டிலை சூப்பர் மார்க்கெட்டில் இருக்கும் மெஷினுக்குள் போட்டால் அந்தக் காசு ரசீதாக வரும். வீட்டுப் பாட்டில் காசு முழுக்க பாப்பாவுக்கு. உண்டியலில் 11 யூரோ சேர்த்துவிட்டதாக வந்த அன்றே என்னிடம் கணக்குக் காட்டினாள்.

இருட்டில் நடந்து போகும் குழந்தைகள்

பாப்பா போன ஆகஸ்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். ஜெர்மனியில் முதல் நாள் பள்ளிக்குப் போகும் குழந்தையின் கையில், அதன் உயரத்தில் பாதி இருக்கும் காகிதக் கூம்பு ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். உள்ளே மிட்டாய், பென்சில், சின்னப் பொம்மைகள். ‘ஷூல்ட்யூட்டே’ என்று பெயர். அக்கா அதற்குள் கடலை மிட்டாயும் வைத்திருக்கிறாள்.

டோர்ட்மண்டில் நவம்பர் நடுவில் சூரியன் எழவே காலை ஏழே முக்கால் ஆகிறது. மாலை நாலே முக்காலுக்கெல்லாம் இருட்டு. அந்தக் காலை இருட்டில், ஒளி பிரதிபலிக்கும் மஞ்சள் அங்கியை மாட்டிக்கொண்டு சின்னச் சின்னப் பிள்ளைகள் தனியாகவே பள்ளிக்கு நடக்கிறார்கள். குழந்தைகள் தாமாக நடந்து வருவதைத்தான் பள்ளிகளும் விரும்புகின்றன. ரோட்டைக் கடப்பது எப்படி என்று போலீஸார் வந்து பாடமே நடத்துகிறார்கள்.

பாளையங்கோட்டையில் கல்லூரி முடியும் வரை அப்பாவின் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் போய் வந்தவள் எங்கள் அக்கா. பாப்பாவை எதிர் வீட்டு துருக்கிச் சிறுமியோடு அனுப்பிவிட்டு, முதல் ஒரு மாதம் ஐம்பது அடி பின்னால் மறைந்து மறைந்து போயிருக்கிறாள். ஒருநாள் பாப்பா திரும்பிப் பார்த்து, “அம்மா, நீ எல்லாருக்கும் தெரியற மாதிரி ஒளியற” என்றாளாம். அன்றோடு நின்றது.

நான் இருந்தபோது நவம்பர் 11, செயின்ட் மார்ட்டின் நாள் வந்தது. நான்காம் நூற்றாண்டு ரோமானியப் படைவீரர் மார்ட்டின், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியைப் பாதியாக வெட்டிக் கொடுத்த கதையை அன்று நினைவுகூர்கிறார்கள். குழந்தைகள் பள்ளியில் தாங்களே செய்த காகித விளக்குகளைக் குச்சியில் தொங்கவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். முன்னால் குதிரையில் மார்ட்டின் வேடமிட்டவர். முடிவில் நெருப்பு மூட்டி, மனித உருவில் சுட்ட இனிப்பு ரொட்டி கொடுத்தார்கள்.

பாப்பா செய்தது மயில் விளக்கு. பாட்டு முழுவதும் அவளுக்கு மனப்பாடம். பக்கத்தில் நின்ற அக்கா வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் கார்த்திகை பிறந்தபோது, அந்த மயில் விளக்கு ஜன்னலில் தொங்கியது. அதன் கீழே இரண்டு அகல். பாப்பா இரண்டையும் ஒரே பண்டிகை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். யாரும் திருத்தவில்லை.

கணக்கு டீச்சர் மறுபடி எண்ணப் படிக்கிறாள்

அக்கா பி.எஸ்ஸி., பி.எட். ஊரில் ஒரு பள்ளியில் எட்டு வருடம் கணக்கு டீச்சர். அவளிடம் படித்த பிள்ளைகள் இப்போதும் ரோட்டில் அம்மாவைப் பார்த்தால் “மிஸ் எப்ப வருவாங்க?” என்று கேட்கிறார்கள்.

ஜெர்மனியில் கணவருக்கு ப்ளூ கார்டு இருந்தால் மனைவியும் தடையில்லாமல் வேலை பார்க்கலாம். அனுமதி இருக்கிறது, வழிதான் நீளம். அங்கே பள்ளி ஆசிரியராக வழக்கமாக இரண்டு பாடங்களைப் படித்திருக்க வேண்டும். பிறகு பயிற்சிக் காலம், அரசுத் தேர்வு. எல்லாவற்றுக்கும் மேலாக, வகுப்பெடுக்கும் அளவுக்கு ஜெர்மன். மொழியில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். அக்கா இப்போது நிற்பது மூன்றாவது படியில். மாலை ஆறு மணிக்கு அத்தான் வந்ததும் பாப்பாவை ஒப்படைத்துவிட்டு வகுப்புக்கு ஓடுகிறாள்.

காலை வகுப்பு ஏன் போகவில்லை என்று கேட்டேன். பாப்பாவுக்குப் பள்ளி பதினொன்றரைக்கே முடிந்துவிடுகிறது. மதியத்துக்குப் பிறகும் பள்ளியிலேயே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. ஆனால், இடம் கிடைக்கவில்லை. 2026 ஆகஸ்டில் ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளிலிருந்து அது சட்டப்படி உரிமையாகிறது. பாப்பா ஒரு வருடம் முந்திச் சேர்ந்துவிட்டாள்.

“கணக்குக்கு பாஷை தேவையில்லன்னுதான் நான் பிள்ளைங்ககிட்ட சொல்லுவேன். இங்க வந்து பாத்தா, கணக்குதான்டி ரொம்பக் கஷ்டம்” என்றாள் அக்கா.

ஜெர்மனில் இருபத்தொன்று என்பதை ‘ஒன்றும் இருபதும்’ என்று சொல்கிறார்கள். ஒன்றாம் இலக்கம் முதலில், பத்தாம் இலக்கம் பிறகு. யாராவது போன் நம்பர் சொன்னால் 21-ஐ 12 என்றும் 54-ஐ 45 என்றும் கை தானாக எழுதிவிடுகிறது. பெருக்கலுக்கு ஒரு புள்ளி. வகுத்தலுக்கு இரண்டு புள்ளி. இரண்டரை யூரோ என்பது 2,50. ஆயிரத்து ஐந்நூறு என்பது 1.500. நாம் புள்ளி வைக்கும் இடத்தில் கமா, கமா வைக்கும் இடத்தில் புள்ளி. ‘1’ என்ற எண்ணுக்கு நீளமாக மூக்கு வைத்து எழுதுவதால் அது நம் கண்ணுக்கு 7. அதனால் அவர்கள் 7-க்கு நடுவில் ஒரு கோடு போடுகிறார்கள்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 21 முதல் 99 வரை, எதிரே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு. எட்டு வருடம் அல்ஜீப்ரா நடத்தியவளின் கையெழுத்து. அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. அக்கா தோசை திருப்பிக்கொண்டே, “என்னட்டி பாக்க? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு என்ன கஷ்டம்னு இப்பதான் எனக்கே தெரியுது. இனிமே நான் நல்ல டீச்சர்” என்றாள்.

அக்டோபரில் பாப்பாவின் பள்ளியில் மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருந்தார்கள். வாரம் இரண்டு நாள். ‘மினி ஜாப்’ என்ற வகை வேலை. போன வருடக் கணக்குப்படி மாதம் 556 யூரோ வரை இப்படிச் சம்பாதிக்கலாம். போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ், தட்டம்மைத் தடுப்பூசி போட்டதற்கான அத்தாட்சி எல்லாம் கொடுத்துச் சேர்ந்தாள். அந்த இரண்டு நாள் அத்தானுக்கு வீட்டிலிருந்து வேலை. அக்காவின் வேலை, சூப் ஊற்றுவது, கை கழுவ வைப்பது, சிந்தியதைத் துடைப்பது.

மூன்றாம் வாரம் ஒரு பையன் வகுத்தல் கணக்கோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறாள். ஜெர்மன் பத்தவில்லை. பட்டாணிகளைத் தட்டில் பிரித்து வைத்துக் காட்டியிருக்கிறாள். பையனுக்குப் புரிந்துவிட்டது. இப்போது வியாழக்கிழமைகளில் சாப்பிட்டு முடித்ததும் நாலைந்து பிள்ளைகள் கணக்கு நோட்டோடு வருகிறார்கள். 21 என்று சொல்வதற்குப் பதில் 12 என்று அவள் சொன்னால் அவர்கள் திருத்துகிறார்கள். அவர்கள் கணக்கை இவள் திருத்துகிறாள்.

“நாங்கள் வரேக்க கறிவேப்பிலை இல்லை”

டோர்ட்மண்டில் வெண்டைக்காய், முருங்கைக்காய், பச்சரிசி எல்லாம் கிடைக்கிறது. நகர மையத்துக்குப் பக்கத்தில் ஓர் இலங்கைத் தமிழர் கடைக்கு சனிக்கிழமை மதியம் அக்காவோடு போனேன். கல்லாவில் இருந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். “தங்கச்சியோ? எப்ப வந்தனீங்கள்?” என்று விசாரித்துவிட்டு, காசு வாங்காமல் ஒரு கொத்து கறிவேப்பிலையைப் பைக்குள் போட்டார்.

1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழர்களில் பலர், அன்றைய கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கு பெர்லினுக்குள் நுழைந்து அடைக்கலம் கேட்டவர்கள். அந்த அம்மா குடும்பமும் அப்படித்தான் வந்ததாம். “நாங்கள் வரேக்க இங்க கறிவேப்பிலை இல்லை, பிள்ளை. கதைக்க ஒரு தமிழ்ச் சனமும் இல்லை” என்றார். பிறகு அக்காவைக் காட்டி, “உங்களுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கு. அது பெரிய விஷயம்” என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. இருந்தாலும் கடையை விட்டு வெளியே வந்து ட்ராம் வரும் வரை நாங்கள் இருவரும் பேசவில்லை.

மறுநாள் ஹாம் ஊருக்குப் போனோம். டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் இருபது நிமிடம், பிறகு பஸ். தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு நடுவே திடீரென்று ஒரு ராஜகோபுரம். ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில். 1980-களின் கடைசியில் ஒரு வீட்டின் அடித்தளத்தில் சின்னதாகத் தொடங்கி, 2002-ல் இன்றைய பெரிய கோயிலாக எழுந்தது. கோடைத் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். பக்கத்தில் ஓடும் கால்வாய்தான் தீர்த்தம். நாங்கள் போன அன்று கூட்டம் இல்லை. எல்லோரும் கோட், ஸ்வெட்டரோடு சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செருப்பு விடும் இடத்தில் பனிக்கால பூட்ஸ்கள்.

பாப்பா சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். நடத்துபவர்கள் ஈழத்தமிழ் ஆசிரியைகள். அதன் விளைவு போனில் தெரிகிறது. “ஆச்சி, நான் இப்ப கதைக்க ஏலாது, வீட்டுப்பாடம் இருக்கு” என்கிறாள். இங்கே எங்கள் அம்மா, “ஏன்ளா, நான் கதை எங்க கேட்டேன்?” என்று குழம்புகிறாள். கோபம் வந்தால் பாப்பாவுக்கு ஜெர்மன்தான் வருகிறது. தூக்கத்தில் மட்டும் இன்னும் தமிழில் உளறுகிறாள் என்று அத்தான் சொன்னார்.

ஈஸ்டர் லீவில் முகூர்த்தம்

வரும் மே மாதத்தோடு அவர்கள் ஜெர்மனிக்குப் போய் 21 மாதம் முடிகிறது. ப்ளூ கார்டில் இருப்பவருக்கு பி1 அளவு ஜெர்மன் தெரிந்தால், 21 மாதத்தில் நிரந்தரமாக வசிக்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். அத்தான் பி1 முடித்துவிட்டார். ஐந்து வருடம் ஆனால் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம். ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. இந்தியா அனுமதிப்பதில்லை. அதனால் அன்றைக்கு இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

“போடலாமா, வேண்டாமா?” என்று அத்தான் கேட்கும்போதெல்லாம் அக்கா “பாக்கலாம்” என்கிறாள். ஊரில் அம்மா தனியாக இருக்கிறாள். இங்கே வியாழக்கிழமைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் இன்னொன்று வலிக்கும். அந்த ‘பாக்கலாம்’ எவ்வளவு கனமானது என்று பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

நான் கிளம்புவதற்கு முந்தின இரவு அம்மா வீடியோ காலில் வந்தாள். எனக்கு ஒரு வரன் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, அது தனிக்கதை. “தையில முகூர்த்தம் வச்சிருவோம். நீங்க மூணு பேரும் பத்து நாள் லீவு போட்டு வந்துருங்க” என்றாள் அம்மா.

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. ஜெர்மனியில் பள்ளி நாள்களில் குழந்தையை நினைத்தபடி வெளியூர் கூட்டிப்போக முடியாது. பள்ளிக்கு வருவது சட்டப்படி கட்டாயம். முக்கியமான காரணத்துக்கு எழுதிக் கொடுத்து ஓரிரு நாள் வாங்கலாம், பத்து நாள் கிடைக்காது. சொல்லாமல் போனால் பெற்றோருக்கு அபராதம் வரலாம். அக்கா ஃபைலைத் திறந்து, பள்ளியில் கொடுத்த விடுமுறைப் பட்டியலை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“யம்மா, தை வேண்டாம். ஈஸ்டர் லீவு ரெண்டு வாரம் பங்குனி கடைசியில வருது. அதுல முகூர்த்தம் இருக்கான்னு ஜோசியர்ட்ட கேளு.”

அம்மா கொஞ்ச நேரம் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “சரி, கேக்கேன்” என்றாள்.

ஜோசியர் பங்குனி 20-க்கு மேல் ஒரு நல்ல நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டாருக்கும் சம்மதம். பத்திரிகையில் அக்கா பெயரை எப்படிப் போடுவது என்று அம்மா கேட்டபோது, அக்கா சொல்லிவிட்டாளாம்: “இனிஷியல் வேண்டாம். அப்பா பேரை முழுசா போடச் சொல்லு.”